பட்டாணி என்ன ஜாதி

மொசைக் தரை குளிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். கூடையிலிருந்து இறங்கியதும் என் பூனை பட்டாணி முன்னங்கால் ஒன்றைத் தூக்கி உதறிக்கொண்டது, பிறகு அப்படியே வயிற்றைத் தரையில் பதித்துச் சொந்த வீடு மாதிரி உட்கார்ந்துவிட்டது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. மாடியைப் பார்த்துவிட்டு இறங்கும்போதே இந்த வீடு எனக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். கிழக்குப் பார்த்த ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தின் உச்சி, பட்டாணி நாள் முழுக்க உட்கார்ந்து காக்கைகளை முறைக்கத் தோதான அகலக் கட்டை, ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். இப்போதிருக்கும் வீட்டில் ஓனர் மகனுக்குக் கல்யாணம், மாசக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும், லேடீஸ் ஹாஸ்டலில் பூனை கூடாது. தில்லைநகரில் தனியாக இருக்கும் பெண்ணுக்கு, அதுவும் பூனையோடு, மாடி கிடைப்பது லேசில்லை என்று ஜெசிந்தா சொன்னாள். ஜெசிந்தா என்னோடு பிசியோதெரபியில் வேலை செய்பவள், இந்த வீட்டைச் சொன்னதும் அவள்தான். போனில் ஓனரம்மா, சௌந்தரம் அம்மா என்று பேர், ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். தெருப்பூனை என்றால் ஆகாது, அது கண்ட இடத்துக்கும் போகும், கண்டதைக் கவ்விக்கொண்டு வரும், ஜாதிப் பூனை என்றால் பரவாயில்லை, எதற்கும் தூக்கிக்கொண்டு வாங்க, பார்த்துவிடுவோம். பார்த்துவிடுவோம் என்று அவர் சொன்ன விதம் பெண் பார்க்க வருகிறவர்கள் சொல்வது மாதிரி இருந்தது, போனை வைத்த பிறகு நான் தனியாகச் சிரித்தேன், சிரித்து முடித்த பிறகு அந்த வார்த்தை மட்டும் நாக்கில் மீன்முள் மாதிரி நின்றது. ஜாதி. நாய்க்கும் பூனைக்கும் நாம் வேறு வார்த்தையே கண்டுபிடிக்கவில்லை. பெர்சியன் என்று சொல்லிவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்றாள் ஜெசிந்தா. நான் எதுவும் சொல்லப்போவதில்லை. பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். வாயை மூடிக்கொண்டிருப்பது பொய்யில் சேராது, சேருமா, சேராது.

சௌந்தரம் அம்மா மோர் கொண்டுவந்து வைத்தார். பட்டாணியைக் குனிந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் பட்டாணியை. எனக்கு ஒன்றும் தெரியாதும்மா, பக்கத்து வீட்டுப் ப்ரீத்தா ஜாதிப் பூனை வளர்க்கிறாள், அவளை வரச் சொல்லியிருக்கிறேன், அவள் பார்த்தால் சொல்லிவிடுவாள் என்றார். வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கின, சமீபத்தில் இளைத்தவர், வலது தோள் இடதைவிடத் தாழ்ந்திருக்கிறது, கனமான எதையோ தினமும் ஒரே பக்கமாகத் தூக்குகிறார். அந்தக் கனம் எது என்று ஹாலின் அந்த ஓரத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஜன்னலோரம் கூடை நாற்காலியில் அவர் கணவர், சிவப்பிரகாசம் சார். வாயின் இடது கோடி லேசாகச் சரிந்திருந்தது, இடது கை நாற்காலிக்கு வெளியே துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. பக்கவாதம், ஆறேழு மாதம் இருக்கும், நடக்க ஆரம்பித்துவிட்டார், பாதத்தை இழுத்துத்தான் நடக்கிறார், செருப்பின் இடது நுனி தேய்ந்திருக்கிறது. யாரும் சொல்லாமலே இவ்வளவும் எனக்குத் தெரியும். நோயாளி கதவைத் திறந்து நாலடி நடந்து வருவதற்குள் எந்த இடுப்பு, எந்த முட்டி என்று சொல்லிவிடுவேன், அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு, இருக்கட்டுமே, வேலை தெரிந்தவளுக்குக் கர்வம் இல்லாமல் எப்படி. அப்படியானால் நானும் பார்த்தே சொல்கிறவள்தானே என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் தள்ளிவிட்டேன். நான் பார்த்ததோடு விடுவதில்லை, தொட்டுப் பார்க்கிறேன், மடக்கிப் பார்க்கிறேன், தப்பென்றால் முட்டியே எனக்குச் சொல்லிவிடும். அந்தக் கை இப்படித் தொங்கக்கூடாது. கையின் எடை முழுக்கத் தோள் மூட்டை இழுக்கும், இப்போதே விரற்கடை இடைவெளி விழுந்திருக்கும், ராத்திரியெல்லாம் வலிக்கும். எழுந்து போய்ச் சரி செய்யலாம் என்று கால் பரபரத்தது. வீடு பார்க்க வந்தவள் வீட்டு ஆம்பளையின் கையைப் பிடிப்பதா, உட்காரு மணிமொழி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மோரைக் குடித்தேன். கொத்தமல்லியும் பெருங்காயமும் அளவாகப் போட்ட நல்ல மோர்.

ப்ரீத்தா வந்தாள். காலேஜ் முடித்த வயசு, கூந்தலை உச்சியில் முடிந்திருந்தாள், அவள் சட்டையெல்லாம் வெள்ளை ரோமம். அவள் வீட்டுப் பெர்சியன் பூனைக்குச் சுல்தான் என்று பேராம், மூக்கு உள்ளே அமுங்கி மூச்சு விடவே கஷ்டப்படுமாம், அதை அவள் பெருமையாகச் சொன்னாள். பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பட்டாணியைப் பரிசோதிக்க ஆரம்பித்தாள், நிஜமாகவே பரிசோதனைதான், முகத்தை இரண்டு கையிலும் ஏந்தி வெளிச்சத்துக்குத் திருப்பினாள், காதை மடக்கிப் பார்த்தாள், வாலை வேரிலிருந்து நுனி வரை உருவினாள். பட்டாணிக்கு இதெல்லாம் பழக்கமில்லை, ஆனால் பயப்படவும் இல்லை, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு விட்டுக்கொடுத்தது, நான் வளர்த்த பிள்ளை. சாம்பல் உடம்பில் கறுப்பு வரி, நெற்றியில் எம் என்று யாரோ எழுதின மாதிரிக் கோடு, நாலு காலிலும் வெள்ளை சாக்ஸ், பச்சைக் கண், வால் மட்டும் எதற்கென்றே தெரியாமல் ஒட்டடைக் குச்சி மாதிரிப் புசுபுசுவென்று. நானும் ஒரு காலத்தில் இதன் படத்தை எடுத்து ஜாதி சொல்லும் ஆப்பில் போட்டுப் பார்த்ததுண்டு. காலை வெயிலில் எடுத்த படத்துக்கு ஒரு பேர் சொன்னது, டியூப்லைட் வெளிச்சத்தில் வேறொன்று, துவட்டாமல் நனைந்திருந்தபோது எடுத்த படத்துக்கு எகிப்துப் பூனை என்றது. எகிப்து. பட்டாணியின் அம்மாவை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி கேன்டீனுக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் தொட்டிக்கடியில் குடியிருக்கும் வரிப்பூனை, இடது காது கிழிந்தவள், ஆம்லெட் போடும் சத்தம் கேட்டால் மட்டும் வெளியே வருவாள். மழை கொட்டிய ஒரு சாயங்காலம் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி ஜெனரேட்டர் ரூமுக்கு மாற்றினாள், இந்த ஒன்றை மட்டும் தொட்டியடியிலேயே விட்டுவிட்டாள், மறந்தாளா, வேண்டாமென்று விட்டாளா. கடைசி வரை காத்திருந்து பார்த்துவிட்டுத் துப்பட்டாவில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தேன். உருண்டையாக, பச்சைக் கண்ணோடு, கையில் அடங்கும் பட்டாணி. அப்பா யார் என்று யாருக்கும் தெரியாது, அம்மாவைத் தெரியும், எனக்கு அது போதும்.

காது நுனியில் முடி நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தீர்களா ஆன்ட்டி என்று ப்ரீத்தா ஓனரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். வால், பாதத்தில் விரலிடுக்கில் முடி, நெற்றியில் எம், எலும்பு கனம். இது மெயின் கூன் க்ராஸ், அமெரிக்காவில் இருக்கிற ஜாதி, சந்தேகமே இல்லை என்றாள். எம் என்கிற கோடு ஊரிலிருக்கிற எல்லா வரிப்பூனைக்கும் உண்டு, ஆம்லெட்டுக்கு வரும் அந்த அம்மாவுக்கும் உண்டு, நான் சொல்லவில்லை. சௌந்தரம் அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவா என்றார், குனிந்து முதல்முறையாகப் பட்டாணியின் தலையைத் தொட்டார், பார்த்தாலே தெரியுது, எவ்வளவு அடக்கமா உட்கார்ந்திருக்கு என்றார். காலையில் என் புதுத் திரைச்சீலையில் கூரை வரை ஏறி அங்கிருந்து கத்தியது இதே அடக்கம்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்புக்கு அடியில் ஜன்னலும் வேப்ப உச்சியும் தெரிந்தன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்றலாம், கட்டிலை ஜன்னலை ஒட்டிப் போடலாம், காலையில் முகத்தில் வெயில் விழும். நான் ஒன்றும் சொல்லவில்லையே, அவர்களே பார்த்தார்கள், அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

அப்போதுதான் சிவப்பிரகாசம் சார் முனகினார். நாற்காலியில் சரிந்திருந்தார், தொங்கும் கை இன்னும் கீழே இழுத்தது. நான் எழுந்துவிட்டேன், எழுந்தேனா, கால் எழுந்துவிட்டது. தலையணை ஒன்று தாங்கம்மா என்றேன், சௌந்தரம் அம்மா கேள்வி கேட்காமல் எடுத்துவந்தார். ஒரு கையால் அவர் முழங்கையை அடியிலிருந்து தாங்கி, மறு கையைத் தோளில் வைத்தேன், நினைத்தபடியே மூட்டின் பந்து குழியைவிட்டு இறங்கியிருந்தது, மெல்ல மேலே ஏற்றிக்கொடுத்து, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் அடியில் தலையணை வைத்து, உள்ளங்கையைக் கவிழ்த்து விரல்களை விரித்துவிட்டேன். விரல்கள் முதலில் எதிர்த்தன, அப்புறம் விட்டுக்கொடுத்தன. அவர் ஒரு நீண்ட மூச்சு விட்டார். அந்த மூச்சுக்காகத்தான் நான் இந்த வேலையில் இருக்கிறேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. சௌந்தரம் அம்மா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார், கண் கலங்கியிருந்தது, ராத்திரியெல்லாம் தூங்க மாட்டேங்கறார்ம்மா என்றார். பிறகு என் முதுகில் கை வைத்துத் தடவி, எல்லாம் தீர்மானமாகிவிட்ட நிம்மதியில் சொன்னார்.

"நம்ம ஆளுங்க கைன்னாலே தனிதான். வாசல்ல பார்த்தப்பவே நினைச்சேன். முகத்தைப் பார்த்தாலே தெரியுதே."

நம்ம ஆளுங்க. கை இன்னும் என் முதுகில்தான் இருந்தது, சூடாக, அம்மாக்களின் கை இருக்குமே அப்படி. முகத்தைப் பார்த்தால் என்ன தெரிகிறது, காது நுனியில் முடியா, நெற்றியில் கோடா. காலேஜில் என் ரூம்மேட்டின் அம்மா ஒரு வாரம் எனக்கும் சேர்த்து இட்லி கட்டிக் கொடுத்துவிட்டு, விஷயம் தெரிந்த அன்றைக்கு, உன்னைப் பார்த்தா அப்படித் தெரியலையேம்மா என்று பாராட்டாகத்தான் சொன்னார், பாராட்டுக்குப் பிறகு இட்லி வரவில்லை. லீவுக்குப் போனபோது அதை அப்பாவிடம் சொன்னேன். அப்பா அப்போது பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர், கையில் கிரீஸைச் சோப்பு போட்டுத் தேய்த்துக்கொண்டே, பார்த்தா தெரியற மாதிரி என்னதான் இருக்கணுமாம் என்று கேட்டார், கோபமே இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரிக் கேட்டார், நானும் யோசித்துப் பார்த்தேன், பதில் கிடைக்கவில்லை, இன்றைக்கு வரை கிடைக்கவில்லை. இப்போது பேசாமலிருக்கலாம். பூனைக்குப் பேசாமலிருந்தேனே. சாமான் ஏற்றலாம், ஜன்னலோரம் படுக்கலாம், ஒரு நாள் ரிட்டயராகி ஊரோடு போய்விட்ட அப்பாவும் அம்மாவும் வருவார்கள், வாசலில் அப்பாவிடம் இந்தம்மா பேச்சுக் கொடுப்பார், அப்பா எதையும் ஒளிக்கத் தெரியாதவர், அல்லது அதற்கு முன்பே நானே சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும், அப்பா, கேட்டால் இப்படிச் சொல்லுங்கள் என்று. அந்த இடத்தில் நினைப்பு நின்றுவிட்டது. அப்பாவுக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கும் என் குரல் எனக்குக் கேட்டது, கெஞ்சுகிற குரல். பயம் என்றால் அதுதான், வீடு கிடைக்காதோ என்கிற பயம் அதற்குப் பக்கத்தில் கூட வராது. வேப்பமரம் நல்ல மரம்தான். ஊரில் வேறு வேப்பமரமும் இருக்கும்.

உங்க சொந்த ஊர் எது, ஊர்ல எந்தத் தெரு என்று சௌந்தரம் அம்மா கேட்டார். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, உறவு கண்டுபிடிக்கும் ஆசையில், எந்தச் சித்தப்பா எந்த அத்தை என்று கோத்துப் பார்க்கலாமே என்கிற ஆசையில் கேட்டார். அந்த ஆசைக்காகவாவது நேராகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"லால்குடிக்குப் பக்கத்துலம்மா. காலனி. அப்பா வேலைக்கு வந்தப்புறம் பொன்மலை குவார்ட்டர்ஸ். அப்புறம், இது தெருப்பூனைதான். இதோட அம்மா எங்க ஆஸ்பத்திரி கேன்டீனுக்குப் பின்னால இருக்கு, நான் பார்த்திருக்கேன்."

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் காலனி என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், யாரும் விளக்கம் கேட்பதில்லை. முதுகிலிருந்த கை எப்போது போனது என்று தெரியவில்லை, போயிருந்தது, அந்த இடம் மட்டும் கொஞ்ச நேரம் குளிர்ந்தது. ப்ரீத்தா போனை எடுத்துப் பார்த்தாள், அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தேன் ஆன்ட்டி என்று சொல்லிவிட்டுப் போனாள். வாசலில் திரும்பி என்னையும் பட்டாணியையும் ஒரு முறை பார்த்தாள். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் எனக்கு முகம் சூடாகும், தரையைப் பார்ப்பேன். இன்றைக்குச் சூடாகவில்லை. நான் சௌந்தரம் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர்தான் டம்ளரைப் பார்த்தார், மோர் குடித்த டம்ளர், எவர்சில்வர், விளிம்பில் என் உதடு பட்ட ஈரம் இன்னும் காயவில்லை, நான் பார்ப்பதைப் பார்த்ததும் சட்டென்று கண்ணை எடுத்துக்கொண்டார். கெட்ட மனுஷி என்று சொல்ல முடியாது. தினமும் ஒரு ஆளைத் தூக்கி உட்கார வைத்துத் தோள் தாழ்ந்துபோனவர். அதனால் எல்லாம் சரி என்றும் சொல்ல முடியாது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள என்னால் முடியும், தராசெல்லாம் வேண்டாம்.

ஜன்னலோரத்திலிருந்து சிவப்பிரகாசம் சார் பேசினார். வாய் கோணி, சொல் குழைந்து, வேறு யாருக்கும் வெறும் சத்தமாகத்தான் கேட்டிருக்கும். ரெஸ்ட் எடுக்கணும்ங்கறார் என்று சௌந்தரம் அம்மா எனக்கு அர்த்தம் சொன்னார். நாள் முழுக்க இப்படிக் குழைந்த சொற்களோடுதான் நான் இருக்கிறேன், எனக்கு அர்த்தம் சொல்ல ஆள் வேண்டியதில்லை. இருக்கட்டும் என்றார் அவர். மேலே இருக்கட்டும். நான் அவர் பக்கம் திரும்பி, "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றேன். சௌந்தரம் அம்மாவுக்கு நான் புரிந்துகொண்டது புரிந்துவிட்டது. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். பூனை மட்டும்னாக்கூட நான் யோசிச்சிருப்பேன் என்றார், என்னிடம் சொல்கிறாரா, தனக்கே சொல்கிறாரா என்று தெரியாத குரலில். பிறகு கணவரைப் பார்த்தார், தலையணை மேல் அடங்கிக் கிடந்த கையைப் பார்த்தார், கணக்குத் தப்பிப்போனவர் மாதிரி நின்றார். பேசியபோது கண் என் மேல் இல்லை, வெளியே மாடிப்படிமேல் இருந்தது.

"படி வெளியிலேயே இருக்கு. தண்ணியும் மேலயே வந்துடும். கீழ வர்ற வேலையே இருக்காது உங்களுக்கு."

அவர் அளவில் அது பெரிய இறக்கம் என்று எனக்குத் தெரியும். ஒரு நிமிஷம் அந்த வாழ்க்கையை வாழ்ந்து பார்த்தேன், வெளிப்படியில் ஏறி இறங்குகிறேன், பட்டாணி ஜன்னல் கட்டையில், கீழே ராத்திரி ஒரு முனகல் கேட்கிறது, தோள் இறங்கியிருக்கும் என்று தெரிந்துகொண்டே நான் மேலே படுத்திருக்கிறேன், கீழே வர வேலையில்லாதவள். என்னால் முடியாது. மரியாதை என்று பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாம், அந்த மாதிரிப் படுத்திருக்க என் உடம்புக்கே வராது. "இல்லம்மா, நான் கீழ வர்ற ஆளு. எனக்குச் சரிப்படாது" என்றேன். குரல் நடுங்கவில்லை, எனக்கே கேட்டது, நல்ல குரல். பட்டாணியைத் தூக்கிக் கூடையில் வைத்தேன், அதற்கு எழுந்திருக்க மனமில்லை, நாலு காலையும் விறைத்துக்கொண்டு மூடியோடு சண்டை போட்டது, அடக்கமெல்லாம் போயிற்று. சாரிடம் வருகிறேன் என்றேன். அவர் நல்ல கையைத் தூக்கினார்.

வெளியே நாலு மணி வெயில் சுவரெல்லாம் அடித்துக்கொண்டிருந்தது. கேட்டைச் சாத்திக் கொக்கியை மாட்டினேன். உறையூரில் ஒரு வீடு இருப்பதாக ஸ்கேன் சென்டர் பெண் சொல்லியிருந்தாள், இப்படியே பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிடலாம், முதல் வாக்கியத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், என்னையும் பூனையையும், அதற்கப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொள்ளலாம். அழுகை வருமோ என்று பார்த்தேன், வரவில்லை, பசிதான் வந்தது. முட்டிக்கொண்டிருந்த கூடை மூடியை நின்று இறுகக் கட்டிவிட்டுப் பத்தடி போயிருப்பேன், பின்னால் செருப்பில்லாத கால் ஓடிவரும் சத்தம், இங்க பாரும்மா என்று கூப்பிடும் குரல். திரும்பி வந்தேன். சௌந்தரம் அம்மா கேட்டுக்கு உள்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், மூச்சு வாங்கியது. தலையணை நழுவிவிட்டதாம், மறுபடி வைத்தாராம், சாருக்கு வலிக்கிறதாம், எப்படித் தூக்கினீங்கன்னு நான் சரியாப் பார்க்கலை என்றார். கேட்கும்போது அவர் முகம் சிவந்திருந்தது, அது வெயிலில்லை. என்ன சொல்லலாம் என்று எனக்குள் நாலைந்து வாக்கியங்கள் முட்டிக்கொண்டு வந்தன, எல்லாமே கூரானவை, எல்லாமே நியாயமானவையும்கூட. அவர் கொக்கியை எடுக்கவில்லை, நானும் எடுக்கச் சொல்லவில்லை. கூடையைத் தரையில் வைத்தேன். "உங்க இடது கையை நீட்டுங்க" என்றேன். நீட்டினார். கம்பிக்கு நடுவே நீண்ட அந்தக் கையின் முழங்கையை அடியிலிருந்து பிடித்தேன், மணிக்கட்டைப் பிடித்து இழுக்கக்கூடாது, எப்பவும் இங்கேதான் தாங்கணும், தோள் தானாக மேலே ஏறும், தெரியுதா, இப்போ தலையணை இந்த மடக்குக்கு அடியில வரணும், விரலை ஒண்ணொண்ணா விரிச்சுவிடணும், அவசரப்படக்கூடாது. அவர் விரல்கள் குளிர்ந்திருந்தன, ஒவ்வொன்றாக விரித்தேன், கடைசிவரை அவர் இழுத்துக்கொள்ளவில்லை. புரிந்ததா என்று கேட்டேன். புரிந்தது என்றார். நீங்களே ஒரு தடவை செய்து காட்டுங்கள் என்று என் கையை உள்ளே நீட்டினேன். கொஞ்சம் தயங்கினார், பிறகு என் முழங்கையை அடியிலிருந்து தாங்கிப் பிடித்தார், சரியான இடத்தில்.